ஏழாம் நம்பர் மலை

சுவரில் விழுந்திருந்த மலையை நிலூஷா விரலால் தொட்டாள். தொட்டதும் விரலின் நிழல் விழுந்து, அவள் தேடிப் பிடித்த கூரையையே மறைத்துவிட்டது. விரலை எடுத்தாள், மறுபடி வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தே சொன்னாள்:

"டீச்சர், இது எங்க வீடு."

தரம் ஒன்பது வகுப்பில் மொத்தம் பதினோரு பேர். மற்ற நாட்களில் அந்தப் பதினோரு பேரும் நூலகத்துக்குள் நுழைந்தால் அந்தச் சத்தத்துக்கே அதிபர் தியாகராஜா சேர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்ப்பார். அன்றைக்கு ஒருவரும் மூச்சுவிடவில்லை. வானத்திலிருந்து பார்த்தால் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயம் என்பது ஒரு நீளமான சாம்பல் கோடு, அவ்வளவுதான். அதில் பன்னிரண்டு வீடுகள் இருப்பது அங்கே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். தங்கள் கூரையில் மட்டும் ஒரு நீலத் தகரம் செருகியிருப்பதை வைத்து நிலூஷா தன் வீட்டைக் கண்டுபிடித்திருந்தாள். கண்டுபிடித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றாள். அவள் பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்த கூரை அது. இப்போதுதான் அதை மேலேயிருந்து பார்க்கிறாள். ஆசிரியை அழக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை, ஆனாலும் புரொஜெக்டர் வயரைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் லோஜினி. ஊர் நாவலப்பிட்டி. தினமும் விடியற்காலை பஸ் ஏறி, கம்பளையில் இன்னொரு பஸ் பிடித்து, புசல்லாவைக்குச் சற்று முன்னால் இறங்கினால் வீதியோரத்திலேயே எங்கள் பள்ளிக்கூடம். நான் அதன் நூலக ஆசிரியை. நூலகம் என்பது முன்பு உடைந்த மேசைகளைப் போட்டு வைத்திருந்த அறை. இப்போது இரண்டு அலுமாரி, இருபது கதிரை, யாரோ புண்ணியவான்கள் கொடுத்த ஆறு டேப் கணினி, ஒரு புரொஜெக்டர். வாசிப்பையும் சொல்லிக்கொடுக்க வேண்டும், இணையத்தில் தகவல் தேடவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். தகவல் கிடைத்தால் உடனே நம்பிவிடாமல் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நானே ஒரு மட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தேன்: யார் சொன்னது, எப்போது சொன்னது, எதற்காகச் சொன்னது, வேறு யாரும் சொல்கிறார்களா. எழுத்து அழகாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். அந்த எழுத்தைப் பார்த்து நானும் கொஞ்சம் மயங்கித்தான் போயிருந்தேன்.

நிலூஷா கேட்டது இதுதான்: இணைய வரைபடமான மெப்பில் சந்தியிலிருக்கும் கடைக்குப் பெயர் இருக்கிறது, பாக்டரிக்கு இருக்கிறது, வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் பங்களாவுக்கு இருக்கிறது, எங்கள் லயத்துக்கு மட்டும் ஏன் இல்லை? தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் யாரோ ஒரு பழைய துரையின் பெயர். அதை அங்கே யாரும் வாயால் சொன்னதே கிடையாது. மேல் பிரிவை மேக்கணக்கு என்பார்கள், கீழே இருப்பதைப் பணியக்கணக்கு என்பார்கள். மூன்று தலைமுறையாக அப்படித்தான். ஆனால் மேக்கணக்கு என்று தட்டினால் மெப் ஒன்றும் தெரியாததுபோல் கடலைக் காட்டியது. பிள்ளைகள் சிரித்தார்கள், நிலூஷா சிரிக்கவில்லை.

காரணத்தை இடைவேளையில் மெதுவாகச் சொன்னாள். அவளுடைய சித்தி சந்திரிகாவுக்கு இது எட்டாவது மாதம். சித்தப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை, அதனால் சித்தி இவர்களோடுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் பிரசவத்தில் வலி எடுத்தபோது வாடகை வேன் ஒன்றைக் கூப்பிட்டார்கள். ஓட்டுநருக்கு இந்தப் பக்கம் பழக்கமில்லை. அவர் நேரே பாக்டரிக்குப் போய், அங்கே விசாரித்து, வேறொரு லயத்துக்குப் போய், வந்து சேர ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. "அந்தப் பாப்பா தங்கலைங்க டீச்சர்," என்றாள். இந்த முறை சித்திக்கு பிரஷரும் இருக்கிறது. வலி தொடங்கினால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக்கூடாது, அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று மிட்வைஃப் சொல்லியிருக்கிறாராம்.

அதன் பிறகு பாடத்திட்டம் பாடத்திட்டமாக இல்லை. மெப்பில் இல்லாத இடத்தை நாமே சேர்க்கலாம் என்று கண்டுபிடித்தோம். நிலூஷா லயத்தின் மேல் புள்ளி வைத்தாள். தமிழில் பெயர் எழுதினாள். ஓட்டுநர் பெரும்பாலும் சிங்களவராக இருப்பார் என்பதால் சிங்களத்திலும் வேண்டும் என்று கைரியா சொன்னாள். புசல்லாவை டவுனில் அவளுடைய வாப்பாவுக்குச் சாமான் கடை. கடையில் நின்று நின்று அவளுக்குச் சிங்களம் தமிழைவிட வேகமாக வரும். மூன்று மொழியிலும் மேக்கணக்கு லயம் என்று போட்டு அனுப்பினோம். ஐந்தாம் நாள் ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. உலகத்தில் எங்கேயிருந்து தட்டினாலும் மேக்கணக்கு வரும். அதிபர் ஓடி வந்து பார்த்தார், வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஆட்கள் வரும்போது இதைக் காட்ட வேண்டும் என்றார். நான் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஃபோனை எடுத்து மேக்கணக்கு என்று தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமை பிடித்த பிறவிதான் நான்.

பெற்றோர் கூட்டத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் மலையைச் சுவரில் காட்டினோம். நிலூஷாவின் அம்மா வீரம்மா கடைசியாகத்தான் வந்தாள். மதியக் கொழுந்து நிறுவைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் மலையிலிருந்து நேரே இறங்கியிருந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை வாசலிலேயே அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, முப்பத்தெட்டு. கையெழுத்துப் போடுவாள், அதற்கு மேல் வாசிக்கத் தெரியாது என்று அவளே முதலாம் தவணையில் சொல்லியிருந்தாள். அதனால் நான் மெப் என்றால் என்ன, மேலேயிருந்து படம் எப்படி எடுக்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்க ஆரம்பித்தேன். அவள் நான் சொன்னது எதையும் கேட்கவில்லை. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படம் தலகீழா கெடக்குங்க டீச்சர். கொஞ்சம் திருப்ப முடியுமா?"

டேப்பில் இரண்டு விரலை வைத்துத் திருகினேன். மலை சுவரில் மெல்லச் சுழன்றது. லயம் மேலே போய், ஆறு கீழே வந்து, வீதி குறுக்கே விழுந்ததும், போதும் என்று கையைக் காட்டினாள். மலையடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் பேசியதை நான் எப்படிச் சொல்வேன்? இது மூணாம் நம்பர் மலை, இதில் பாறை இருப்பதால் கொழுந்து குறைவு. இது பதினொண்ணு, இந்தத் தண்ணீர்க் கானோரம் அட்டை அதிகம். இந்தக் கறுப்புப் புள்ளி ஒற்றை வாகை மரம், அதன் கீழேதான் கொழுந்து நிறுப்பார்கள். இது குறுக்குப் பாதை, மழையில் வழுக்கும், இறங்கலாம், ஏறக்கூடாது. எனக்கு ஒரே பச்சையாகத் தெரிந்த இடத்தில் அவளுக்கு வரி வரியாக எல்லாம் இருந்தது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை, ஒரு இடத்தையும் இரண்டு தடவை பார்க்கவில்லை. பதினாறு வருடமாகப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். இப்படி யாரும் வாசித்து நான் கண்டதில்லை. பிள்ளைகள் சுவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலூஷா தன் அம்மாவை யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

திடீரென்று வீரம்மா நின்றுவிட்டாள்.

"இது இப்ப எடுத்த படம் இல்லீங்களே."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். மலையின் நடுவில் இருந்த ஒரு செம்மண் திட்டைக் காட்டினாள்.

"ஏழாம் நம்பர் கவ்வாத்துல கெடக்கு பாருங்க. செடியெல்லாம் வெட்டி மொட்டையா. இப்ப அங்க இடுப்பளவு நிக்குது, நேத்துக்கூட அங்கதான் கொழுந்து எடுத்தோம். கவ்வாத்து வெட்டுனது இவ பெரிய பிள்ளையான வருசம். வெட்டி ரெண்டு மாசம்கூட ஆயிருக்காது, துளிரு இன்னும் வரல."

நிலூஷா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் படத்தின் விவரத்தைத் தேடித் திறந்தேன். அடி மூலையில் பொடி எழுத்தில் தேதி இருந்தது. மூன்று வருடம், நாலு மாதத்துக்கு முந்திய தேதி. அதற்குச் சரியாக ஏழு வாரத்துக்கு முன்னால்தான் நிலூஷாவுக்குச் சடங்கு வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள் என்று வீரம்மா விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். எப்போது சொன்னது என்று கேட்க வேண்டும் என்று சுவரில் அழகாக எழுதி மாட்டியவள் நான். ஒரு மாதமாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தும் அதை ஒரு தடவையும் நான் கேட்கவில்லை. கேட்டது அவள்.

வீரம்மா அதோடு விடவில்லை. அப்படியானால் இதில் பாலமும் நிற்குமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆற்றைத் தேடினாள். நின்றது. போன நவம்பர் மழையில் அடித்துக்கொண்டு போன, கீழால் வரும் பணிய ரோட்டுப் பாலம், மரநிழலுக்குள் பாதி மறைந்து, வெள்ளையாக, முழுசாக நின்றது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பிள்ளைகள் தினமும் அந்த உடைந்த பாலத்துக்கு மேலே கட்டிய மரக்கட்டைகளில் நடந்துதான் பள்ளிக்கூடம் வருகிறார்கள். ஆனால் படத்தில் எல்லோரும் அவரவர் கூரையைத்தான் தேடினார்கள். நானும் அதைத்தான் தேடச் சொன்னேன்.

அப்போதுதான் எனக்கு அம்புலன்ஸ் ஞாபகம் வந்தது. டேப்பை வாங்கி, பிரதான வீதியிலிருந்து மேக்கணக்கு லயத்துக்கு வழி காட்டு என்று அழுத்தினேன். ஒரு மாதத்தில் எங்களில் ஒருவர்கூட அந்தப் பொத்தானை அழுத்தவில்லை. தன் வீட்டுக்குப் போக யார் வழி கேட்பார்கள்? நீலக் கோடு ஒன்று வீதியிலிருந்து கிளம்பி, பணிய ரோட்டில் திரும்பி, இல்லாத பாலத்தின் மேல் சிரமமே இல்லாமல் நடந்து, நாங்கள் வைத்த புள்ளியில் போய்ச் சேர்ந்தது. நாலு கிலோமீட்டர், பதினாலு நிமிடம் என்றது. அந்த ரோட்டில் போன வண்டி பாலத்தடியில் திரும்பவும் முடியாது, பின்னோக்கியே வர வேண்டும். நிஜமான வழி இன்னும் இரண்டு கிலோமீட்டர் வீதியில் மேலே போய், ஆற்றைத் தாண்டி, ஏழாம் நம்பர் மலையால் சுற்றி வருகிற ரோடு. அதில் பெயர்ப்பலகை இல்லை, ரோடு பிரியும் இடங்கள் மட்டும் நிறைய. பேரில்லாத இடமாக இருந்தபோது வந்தவர்கள் வாயால் விசாரித்தார்கள். இப்போது நாங்களே பேர் வைத்து, நேராகக் குழிக்குக் கூப்பிட்டிருக்கிறோம். நிலூஷாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அன்று பின்னேரமே உடைந்த பாலத்தைப் படமெடுத்து, ரோடு மூடியிருக்கிறது என்று அனுப்பினோம். நன்றி, பரிசீலிக்கிறோம் என்று வந்தது. மறுநாளும் பரிசீலித்தார்கள். அடுத்த வாரமும் பரிசீலித்தார்கள். அதற்கிடையில் நாங்கள் எங்களால் முடிந்ததைச் செய்துகொண்டோம். வலி வந்தால் முதலில் எனக்கு ஃபோன். நான் அம்புலன்ஸைக் கூப்பிட்டு என் நம்பரைக் கொடுப்பது. அவர்கள் திருப்பிக் கூப்பிட்டால் சிங்களத்தில் பேசுவது கைரியா. இவ்வளவையும் ஒரு கடதாசியில் எழுதி நூலக மேசையில் ஒட்டினோம். சந்திரிகாவை ஒரு நாள் பார்த்தேன். மெலிந்த முகம், வீங்கிய கால். மெப் எப்படி டீச்சர் இருக்கிறது என்று நோயாளியை விசாரிப்பதுபோல் என்னிடம் விசாரித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பாலத்தின் படத்தை அனுப்பிய ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடவேளை. தரம் ஆறுக்கு வாசிப்பு நேரம். ஃபோன் அடித்தது. வீரம்மா மலையிலிருந்து பேசினாள். குரலில் பதற்றமில்லை, மூச்சு மட்டும் வாங்கியது.

"டீச்சர், தங்கச்சிக்கு வந்திருச்சு. கொழுந்து லொறியும் போயிருச்சு. கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். இரண்டு தரம் பிழையாக அழுத்தினேன். ஆள் அனுப்பியதும் நிலூஷாவும் கைரியாவும் வகுப்பிலிருந்து ஓடி வந்தார்கள். பத்து நிமிடத்தில் வண்டியிலிருந்து ஓட்டுநர் கூப்பிட்டார். கைரியா எழுந்து நின்று பேசினாள், பெரியவர்களிடம் பேசும்போது எழுந்து நிற்கச் சொல்லி வளர்த்த பிள்ளை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"டீச்சர், மெப்புல பணிய ரோடுதான் நல்லம்னு காட்டுதாம். நாலு கிலோமீட்டர்தானாம். நாம செல்ற ரோடு எட்டு கிலோமீட்டராம். நோயாளிக்கு அவசரம்னா ஏன் சுத்தி வரச் செல்றீங்கன்னு கேக்குறாரு."

நியாயமான கேள்வி. ஒரு பக்கம் உலகம் முழுக்க நம்புகிற மெப், மறுபக்கம் பதினாலு வயதுப் பிள்ளையின் குரல். நான் அந்த ஓட்டுநராக இருந்தால் எதை நம்பியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். கைரியா மறுபடி பேசினாள். பாலம் போன நவம்பரில் போய்விட்டது, அந்தப் படம் மூன்று வருடம் பழசு, அதில் ஏழாம் நம்பர் மலையில் செடி வெட்டியிருக்கிறார்கள், இப்போது அங்கே செடி வளர்ந்துவிட்டது என்று சிங்களத்தில் அடுக்கிக்கொண்டே போனாள். பிறகு அவர் கேட்டது, சரி, மேல் ரோட்டில் பலகை இல்லை, இரண்டாவது வளைவுக்குப் பிறகு ஃபோனும் எடுக்காது என்கிறீர்கள், பிரிவில் எந்தப் பக்கம் திரும்புவதென்று எனக்கு யார் சொல்வார்கள் என்பது.

இன்னொரு ஃபோனில் வீரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் உடனே சொன்னாள்.

"நாங்க நிக்கிறோம்னு சொல்லுங்க. மெப்பைப் பாக்க வேணாம், எங்களைப் பாத்து வரச் சொல்லுங்க."

கைரியா அதை அப்படியே சிங்களத்தில் சொன்னாள். ஃபோன் அறுந்துவிட்டது. அவர் கேட்டாரா, பாதியில் அறுந்ததா என்று தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டால் மணி மட்டும் அடித்தது.

எங்கள் நூலகத்தின் பின் ஜன்னலைத் திறந்தால் ஆறும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் முழு மலையும் தெரியும். நாலு வருடமாக அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறேன். திறந்தேன். தரம் ஆறு முழுவதும் எனக்குப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் வழக்கமான மலைதான், பச்சையில் சிதறிய பெண்கள். பிறகு அந்தச் சிதறல் நகர ஆரம்பித்தது. ஒருத்தி செடிகளுக்கு நடுவால் இறங்கி, வீதி பிரியும் இடத்தில் போய் நின்றாள். இன்னொருத்தி அவளைத் தாண்டி முதல் வளைவில் நின்றாள். அடுத்தவள் அடுத்த பிரிவில். கூடையோடு ஒருத்தி, கூடை இல்லாமல் ஒருத்தி, மஞ்சள் படங்கு, சிவப்பு முக்காடு. யாரும் ஓடவில்லை, யாரும் கூச்சலிட்டதாகவும் தெரியவில்லை. அவர்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையின் வெள்ளைத் தொப்பி ஒரு வரப்பில் அசையாமல் நின்றது. ஏழாம் நம்பர் மலையில் நான் அதுவரை பார்க்காத ரோடு ஒன்று, வளைவு வளைவாக, ஆட்களால் எழுதப்பட்டு என் கண் முன்னால் வந்தது. அப்படி ஒரு பாதையை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன். பக்கத்தில் ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை என் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வண்டி வந்தது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போகும்போது சத்தம் கேட்டது, பிறகு ஜன்னலின் இடது ஓரத்தில் சின்ன வெள்ளைப் பெட்டியாகத் தெரிந்தது. பணிய ரோட்டுச் சந்திக்குக் கிட்டப் போனதும் வேகம் குறைந்தது. நின்றேவிட்டது. நிலூஷா கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை, மூட முடியவில்லை. எவ்வளவு நேரம் நின்றது என்று என்னால் சொல்ல முடியாது. பிறகு அது நேரே மேலே போனது.

"திறந்து பாரு," என்று கைரியா நிலூஷாவின் தோளைத் தட்டினாள்.

வீதி பிரியும் இடத்தில் நின்றவள் கையை நீட்டினாள். வண்டி அவள் கை போன பக்கம் திரும்பியது. அடுத்தவள் நீட்டினாள், திரும்பியது. மூன்றாவது பிரிவில் நின்றவள் இரண்டு கையையும் விரித்து ஒரு ரோட்டை மறித்து மற்றதைக் காட்டினாள். செடிகளுக்குள் வண்டி மறைந்து, மறைந்து, வெளியே வந்தது. தாண்டிப் போன பிறகும் ஒருத்தியும் செடிக்குத் திரும்பவில்லை. எல்லோரும் அது போன திசையைப் பார்த்து நின்றார்கள். கடைசி வளைவில் நீலப் படங்கு கட்டியவள் நின்றாள். அவளையும் தாண்டி, வாகை மரத்துக்குப் பக்கத்தால் வெள்ளைப் பெட்டி மேட்டுக்குப் பின்னால் இறங்கியது. லயம் அந்தப் பக்கம்தான். இங்கிருந்து தெரியாது.

நூலகத்தில் யாரும் கதிரைக்குத் திரும்பவில்லை. மலை முழுவதும் பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நீலப் படங்குக்காரி நீட்டிய கையை இன்னும் இறக்கவில்லை.